பதில்: பிரீமியர் லீக்குக்கு ஏறியாச்சு, 12 பேரை வாங்கலாமா?

வாழ்த்துகள் நண்பரே. கால்பந்து அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரில், இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பை ஜெயித்து, மேல்நிலையான பிரீமியர் லீக்குக்கு ஏறிவிட்டு, இருக்கிற 6 கோடி பவுண்டில் 12 பேரை வாங்கி, பழைய அணியில் பாதியை விற்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம்.

நிஜத்தில், 2018-இல் ஃபுல்ஹாம் கிளப் இதைத்தான் செய்தது. ஏறிய கோடையிலேயே சுமார் 10 கோடி பவுண்டைக் கொட்டியது. எதிரணிகளிடம் 81 கோல் விட்டுக்கொடுத்து, மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்து, 19-ஆம் இடத்தில் முடித்து மறுபடியும் சாம்பியன்ஷிப்புக்கே இறங்கியது. அடுத்த சீசனில் ஏறிவந்த ஷெஃபீல்ட் யுனைடெட்டைப் பாருங்கள். பாஷம், ஈகன், ஓ'கானல் என்று சாம்பியன்ஷிப்பில் ஆடிய அதே மூன்று தடுப்பாளர்கள். அவர்களுக்குப் பின்னால், மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து மறுபடியும் கடனாக (தற்காலிகமாக) வந்த அதே கோல்கீப்பர், டீன் ஹெண்டர்சன். விட்டுக்கொடுத்தது 39 கோல்தான், 9-ஆம் இடம்!

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2022-இல் இருபது பேருக்கு மேல் வாங்கியும் தப்பித்ததே என்பீர்கள். சரிதான். ஆனால் அணியை ஏற்றிவிட்ட கடன் ஆட்டக்காரர்கள் பலர் தங்கள் சொந்தக் கிளப்புகளுக்குத் திரும்பிப் போனதால் அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லையே.

உங்கள் 3-5-2 ஆட்ட அமைப்பு (3 தடுப்பாளர், 5 நடுக்களம், 2 ஸ்ட்ரைக்கர்) அப்படியே இருக்கட்டும். பெரும்பணத்தை வேகமான ஒரு நடுத் தடுப்பாளருக்கும் ஒரு ஸ்ட்ரைக்கருக்கும் வையுங்கள். மீதி இடங்களுக்குக் கடன் ஆட்டக்காரர்கள், இலவச ஒப்பந்தத்தில் கிடைப்பவர்கள் போதும். அப்புறம், பிரீமியர் லீக்கில் பதிவு செய்யும் 25 பேர் பட்டியலில், உள்ளூரில் (இங்கிலாந்து, வேல்ஸ் கிளப்புகளில்) பயிற்சி பெற்று வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்க முடியாது. 21 வயதுக்குட்பட்டவர்கள் இந்த 25 பேர் கணக்கில் வர மாட்டார்கள். புது ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும், அணி கீழ் லீக்குக்கு இறங்கினால் சம்பளம் குறையும் என்ற நிபந்தனையைச் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.