கட்டடத்துக்குள் வழிசொல்லும் போன்: வாங்கலாமா?

கேள்வி: நான் பார்வையற்றவன். ஆண்ட்ராய்டு போனை, திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் டாக்பேக் துணையுடன் பயன்படுத்துகிறேன். தெருவில் கூகுள் மேப்ஸ் உதவுகிறது. மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டால் பயனில்லை. லைடார் (ஒளிக்கதிரால் தொலைவை அளக்கும் உணரி) உள்ள ஐபோன் புரோ வாங்கினால் உள்ளேயும் வழி சொல்லும் என்கிறார் கடைக்காரர். அவ்வளவு பணம் போடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். கான்கிரீட் கூரைக்கும் சுவர்களுக்கும் உள்ளே செயற்கைக்கோள் சிக்னல் வலுவிழந்துவிடுவதால், எவ்வளவு விலையுயர்ந்த போனாக இருந்தாலும் ஜிபிஎஸ்ஸை நம்பி அறை அறையாக வழி சொல்ல முடியாது. கட்டடத்தில் புளூடூத் பீக்கன்களை, அதாவது போனுக்கு இடத்தை உணர்த்தும் சிறு சிக்னல் கருவிகளை, பொருத்த வேண்டும். அல்லது குட்மேப்ஸ் நிறுவனம் செய்வதுபோல் கட்டடம் முழுவதையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து, நம் போன் கேமராவில் தெரியும் காட்சியை அதனுடன் ஒப்பிட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கணிக்க வேண்டும். லண்டன் பிம்லிகோ சுரங்க ரயில் நிலையத்தில் 2015-இல் வேஃபைண்டர் என்ற ஒலி வழிகாட்டி முறையின் சோதனை நடந்தபோதும், நிலையத்தில் பீக்கன்களைப் பொருத்திய பிறகே போன் வழி சொன்னது. ஆகவே, நீங்கள் வழக்கமாகச் செல்லும் மருத்துவமனை எந்தச் செயலியிலாவது பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

லைடாரால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். ஐஓஎஸ் 16 முதல், லைடார் உள்ள ஐபோன்களின் மேக்னிஃபையர் செயலி, எதிரே உள்ள கதவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, திறந்திருக்கிறதா, தள்ளித் திறப்பதா, குமிழைத் திருகுவதா என்பதைச் சொல்வதோடு, அதன்மேல் எழுதியிருக்கும் அறை எண்ணையும் படிக்கும். நீண்ட நடைகூடத்தில் இது பெரிய உதவி. ஆனால் எக்ஸ்ரே அறை எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. கடையிலேயே ஹெட்போன் மாட்டி, ஒரு கையில் வெண்கோலும் மறு கையில் போனுமாக நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அறிவிப்புப் பலகைகளைப் படிப்பதுதான் தேவை என்றால், உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே கூகுளின் லுக்அவுட் செயலியை இலவசமாக நிறுவிப் பார்க்கலாம்.

எந்த வழிகாட்டிச் செயலிக்கும் ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டாதீர்கள். வெளிப்புற வழிகாட்டியாகப் பலரும் நம்பியிருந்த, மைக்ரோசாஃப்டின் சவுண்ட்ஸ்கேப்பே 2023-இல் நிறுத்தப்பட்டது. அதன் நிரல் பொதுவில் வெளியிடப்பட்டதால்தான் பிறரால் அதைத் தொடர முடிந்தது.

மிச்சமாகும் பணத்தை வைத்துக்கொண்டு, மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் கோரிக்கை கொடுங்கள். பொதுக் கட்டடங்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்வதைக் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.