விட்ட படிப்பைத் தொட: டீச்சரின் பதில்கள்

எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கக் காலம் தொட்டு நீலகிரி எஸ்டேட்டுகளில் முதியோர் வகுப்பு எடுத்த, ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பாதியில் படிப்பை விட்டவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வயது 38, கொழுந்து பறிக்கிறேன். நேராகப் பத்தாம் வகுப்பு எழுதலாமா? – கொளப்பள்ளி

இரண்டு வழி இருக்கிறது, தங்கச்சி. மாநிலப் பாடத்திட்டத்தில் என்றால் முதலில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வேண்டும். பிறகு பத்தாம் வகுப்பு. முதல் முறை எழுதும்போது ஐந்து பாடங்களையும் சேர்த்தே எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகும் நாளில்தான் தெரிகிறது, அதற்குள் ஓர் ஆண்டு போய்விடும்.

இன்னொன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், பாடத்தைப் படிக்கும் அளவுக்குக் கற்றிருக்கிறேன் என்று சுயமாக உறுதி எழுதிக் கொடுத்துச் சேரலாம். வயது உச்சவரம்பு கிடையாது. ஒரு முறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், ஒன்பது தேர்வு வாய்ப்பு. தமிழில் எழுதலாம். கணக்கு கட்டாயமில்லை என்பதால் பலர் ஓடி வருகிறார்கள். ஆனால் அதன் தேர்வுகள் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் வருகின்றன. நம் மலையில் கொழுந்து பொங்கும் மாதங்களும் அவையே. ஞாயிற்றுக்கிழமையும் தேயிலைக் காட்டுக்குள் நிற்கிற உங்களால் ஐந்து பாடம் ஒரே மூச்சில் முடியாது. ஒரு தவணைக்கு இரண்டு பாடம் போதும். பிறகு எந்த வேலைக்குப் போக நினைக்கிறீர்களோ, அந்த அறிவிப்பில் இந்தச் சான்றிதழை ஏற்கிறார்களா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசியில் முருகாயி, ஆதாரில் முருகேஸ்வரி. பரவாயில்லையா? – சேரம்பாடி

பரவாயில்லை என்று யார் சொன்னார்கள்? விண்ணப்பத்துக்கு முன் இரண்டையும் ஒன்றாக்குங்கள். இனிஷியல் அப்பா பெயரா, கணவர் பெயரா என்பதையும் பாருங்கள். என் வகுப்பில் படித்த ஒருவர் தேர்ச்சி பெற்று, மதிப்பெண் பட்டியலில் பெயர் திருத்த மட்டும் இரண்டு ஆண்டு அலைந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் இது இன்னும் அதிகம். பெற்றோர் காகிதத்தில் ஒரு எழுத்து, பிள்ளை காகிதத்தில் வேறு எழுத்து.

வயது 47. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் நெளிகின்றன, தலை வலிக்கிறது. மூளை மங்கிவிட்டதா? – மஞ்சூர்

மூளைக்கு ஒன்றும் இல்லை. நாற்பதைத் தாண்டினால் கண்ணில் உள்ள வில்லை விறைத்துப்போகும், கிட்டத்தில் உள்ளது தெளியாது. மங்கலான எழுத்தோடு மல்லுக்கட்டி, "எனக்குப் படிப்பு ஏறாது" என்று வகுப்பை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! கையை நீட்டி வைத்து எழுத்துக் கூட்டுபவர்களைக் கண்டால் நான் முதலில் கண் பரிசோதனைக்குத்தான் அனுப்புவேன். அரசு மருத்துவமனையில் சோதித்து, படிக்கும் கண்ணாடி வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்கு உட்காருங்கள்.

நானும் ஐந்தாம் வகுப்பு. நேராகப் பத்து எழுதலாமா? – எருமாடு

முதல் பதிலைப் படியுங்கள்.

பச்சைத் தேயிலை விலை எப்போது ஏறும்? – கட்டபெட்டு

குன்னூரில் தேயிலை வாரிய அலுவலகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு தோல்வி. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கித் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். குரூப் தேர்வு எழுதத்தான். – கூடலூர்

கொடுக்காதீர்கள். பத்தும் பன்னிரண்டும் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009 ஆகஸ்ட் 18 நாளிட்ட அரசாணை 107 சொல்கிறது. அதே ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றமும் நேரடிப் பட்டத்தை ஏற்கவில்லை. முதலில் பத்தை முடியுங்கள். தேர்ச்சிக்கு உத்தரவாதம் தருகிறவரிடம் பணம் கொடுக்க வேண்டாம் என்று நான் எல்லோருக்கும் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்.

டீச்சர் ஏழைகளின் ஆசையில் மண்ணைப் போடுகிறார். படிப்பு என்றாலே அரசு வேலைதானா? – குன்னூர்

கேட்டவர் குரூப் தேர்வு என்று எழுதியிருக்கிறார். அதற்குத்தான் பதில் சொன்னேன். நாளை அவர் சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்தால் நீங்களா துணைக்குப் போவீர்கள்?

குன்னூர்க்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. அருவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன், வயது 61. சரித்திரம் படிக்க ஆசை. எனக்கும் தடையா?

உங்களுக்கு என்ன தடை, ஐயா! இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, நாளைக்கே சேருங்கள். குன்னூர்க்காரரோடு இந்த இடத்தில் ஒத்துப்போகிறேன். அவரவர் காரணம் அவரவருக்கு. காரணம் வேலை என்றால் மட்டும் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

அப்படியென்றால் இப்படிப்பட்ட பட்டத்தை ஏன் விற்கிறார்கள்? – மீண்டும் குன்னூர்

அதை விற்கிறவரிடம் கேளுங்கள். நான் ஓய்வூதியத்தில் வாழ்பவள்.

வயது 42, எட்டாம் வகுப்பு தேர்ச்சி. கைத்தொழில் கற்க முடியுமா? – கோத்தகிரி

பெண் என்றால் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் வயது உச்சவரம்பு இல்லை. ஆணுக்கு 40. எட்டு படித்தவர்களுக்கும் சில பிரிவுகள் உண்டு.

ஐந்தாம் வகுப்பு படித்திருக்கிறேன், நேராக…

முதல் பதில். முதல் பதில்!

அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. பஸ் பலகையைப் படித்தால் போதும் என்கிறாள். – அய்யன்கொல்லி

15 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேளுங்கள், தன்னார்வலர் பாடம் சொல்வார். நேரத்தை மட்டும் நீங்கள் பேசி முடியுங்கள். கொழுந்து எடை போட்டுவிட்டு, சமைத்துவிட்டு இரவு ஏழு மணிக்கு என்று ஆரம்பித்தால் உங்கள் பக்கத்து யானைகள் யாரையும் வகுப்புக்கு விடாது. எங்கள் வகுப்பு ஒன்றை மதியச் சாப்பாட்டு வேளையில் எஸ்டேட் லைன் வீட்டுத் திண்ணைக்கு மாற்றிய பிறகுதான் படிக்க வந்தவர்கள் நிலைத்தார்கள். முதல் நாள் பாடம் 'அ' வேண்டாம். அம்மா ஏறும் பஸ்ஸின் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.