இரண்டு கல்லூரிகளும் அழைக்கின்றன: ஆம்பூர் மாணவியின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

மாவட்ட அளவில் 1500, 3000 மீட்டர் ஓட்டங்களில் பரிசு பெற்ற தங்கள் மகளை, தடகள சாம்பியன் பட்டத்துக்காக ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் இரண்டு கல்லூரிகளும் அழைத்திருக்கின்றன என்றும், ஒன்று கல்விக் கட்டணத்தை முழுவதும் தள்ளுபடி செய்வதாகவும் மற்றது விடுதிச் செலவையும் மெஸ் செலவையும் ஏற்பதாகவும் சொல்கின்றன என்றும், எதில் சேர்ப்பது என்று வீட்டில் தினமும் பேச்சாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். எந்தக் கல்லூரி அதிக முறை கோப்பையை வென்றிருக்கிறது என்பதே தங்கள் முதல் கேள்வி. அதை நான் கடைசி இடத்தில் வைப்பேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டியில் ஒட்டுமொத்த சாம்பியன் பட்டம், ஒவ்வொரு பந்தயத்திலும் பெறும் இடத்துக்கு உரிய புள்ளிகளைக் கூட்டித்தான் முடிவாகிறது. பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் எப்போதும் அதிகம். 5000, 10000 மீட்டர் ஓட்டங்களுக்கு வருபவர்கள் குறைவு. முடிக்கும் அளவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் இன்னும் குறைவு. ஆகவே நெடுந்தூரம் ஓடக்கூடிய ஒரு பெண் கிடைத்தால், மூன்று பந்தயங்களின் புள்ளிகளை ஒருத்தியிடமிருந்தே எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடும் கல்லூரிகள் உண்டு. முதல் நாள் மாலை 25 சுற்று 10000 மீட்டர், மறுநாள் காலை 1500, அன்று மாலையே 5000, இடையில் ஆள் குறைந்தால் 4×400 தொடர் ஓட்டத்திலும் ஒரு சுற்று என்று ஓடவிடுவார்கள். கோப்பை கிடைக்கும், புகைப்படமும் வரும். ஆனால் பதினெட்டு வயதுக் கால் எலும்பு அதைத் தாங்குமா என்பதை அந்தப் புள்ளிப் பட்டியல் சொல்லாது. முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பில் வலி என்று தொடங்குவது, ஓய்வில்லாமல் தொடர்ந்தால் எலும்பில் நுண்விரிசலாக முற்றிவிடும். அதன்பின் பல வாரங்கள் ஓட்டமே இல்லை.

இரண்டாவதாக, தாங்கள் எழுதியதைப் பார்த்தால், கடிதத்தில் குறிப்பிட்ட இரண்டு கல்லூரிகளும் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றவை. இதன் பொருளைப் பலரும் யோசிப்பதில்லை. கல்லூரிகளுக்குள் எவ்வளவு பகை இருந்தாலும், பல்கலைக்கழக அணித் தேர்வில் வென்றவர்கள் அனைவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் பனியனை அணிந்துகொண்டு, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளுக்கு ஒரே ரயிலில்தான் செல்வார்கள். தங்கள் மகளின் வேலைவாய்ப்புக்குக் கணக்கில் வருவது பெரும்பாலும் அந்த இரண்டாம் கட்டம்தான். விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிகளுக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படும் படிவம் 3 என்பது, பல்கலைக்கழகத்தின் சார்பில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பங்கேற்றவருக்கு, பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பொறுப்பாளர் கையொப்பமிட்டுத் தரும் சான்று. கல்லூரிக்கு வாங்கித் தந்த சுழற்கோப்பைக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 10 சதவீதமும், மாநில அரசுப் பணிகளில் 3 சதவீதமும் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு ஆள்சேர்ப்பிலும் தகுதி வரம்பு வேறுபடும். சிலவற்றில் பங்கேற்பு போதும், சிலவற்றில் பதக்கம் வேண்டும். அறிவிப்பைப் படிக்காமல் யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான்.

ஆகவே இரண்டு உடற்கல்வி இயக்குநர்களிடமும் தாங்கள் கேட்க வேண்டியது இதுதான்: கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் கல்லூரியிலிருந்து எத்தனை நெடுந்தூர ஓட்டக்காரிகள் பல்கலைக்கழக அணிக்குச் சென்றார்கள், அவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் ஓடிக்கொண்டிருந்தார்கள்? இரண்டாவது பாதிக்கு வரும் பதிலைக் கவனித்துக் கேளுங்கள். முதலாண்டில் நட்சத்திரமாக இருந்து மூன்றாமாண்டில் பார்வையாளராக நிற்கும் பெண்கள் ஒரு கல்லூரியில் வரிசையாக இருந்தால், அங்கே பயிற்சி நடப்பதில்லை, அறுவடைதான் நடக்கிறது. மைதானத்துக்கு வெளியே மேடுபள்ளமான நிலத்தில் நெடுந்தூரம் ஓடும் கிராஸ் கன்ட்ரி போட்டி தனியாக நடப்பது. அதற்கு அணி அனுப்புகிறார்களா என்பதையும் கேளுங்கள். தடகளத்துக்கு மட்டும் ஆள் அனுப்பிவிட்டு கிராஸ் கன்ட்ரியைக் கண்டுகொள்ளாத கல்லூரிக்கு நெடுந்தூர ஓட்டத்தில் உண்மையான அக்கறை இருப்பதாக நான் கருதுவதில்லை.

வேலூர் வெயிலைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்கே தார்ச்சாலை சுடத் தொடங்கிவிடும் ஊரில், நெடுந்தூரப் பயிற்சி விடியலுக்கு முன்னரே தொடங்க வேண்டும். ஆனால் பெண்கள் விடுதிகளில் கதவு திறக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. ஆறு மணிக்கு முன் திறக்க மாட்டோம் என்று காப்பாளர் சொல்லிவிட்டால், எவ்வளவு பெரிய பயிற்சியாளர் இருந்தும் பயனில்லை. அடுத்தது மெஸ். பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு எட்டேகாலுக்கு ஒருத்தி திரும்பும்போது இட்லிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தால், எட்டரை மணி வகுப்பில் அவள் வெறும் வயிற்றோடு உட்காருவாள். விளையாட்டு மாணவியருக்கு உணவு எடுத்து வைக்கப்படுகிறதா, முட்டையும் பாலும் தனியாக உண்டா என்பதை விடுதிக்கே நேரில் சென்று, அங்கு படிக்கும் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு ஓட்டக்காரிகளிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். அப்பாக்களிடம் சொல்லாததை அந்தப் பெண்கள் இவளிடம் சொல்லிவிடுவார்கள்.

இதோடு சேர்ந்த ஒன்றைத் தயங்காமல் எழுதுகிறேன். உண்பதைவிட அதிகம் ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதும் நின்றுபோவதும் உண்டு. அதை நல்ல பயிற்சியின் அடையாளம் என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு, உடலுக்குப் போதிய உணவு கிடைக்கவில்லை என்பதற்கும், எலும்பு பலவீனமடையலாம் என்பதற்கும் அது எச்சரிக்கை. இரும்புச் சத்துக் குறைவும் நெடுந்தூர ஓட்டக்காரிகளிடம் அதிகம் காணப்படுவது. கல்லூரியில் சேரும் முன்னரே தங்கள் மனைவியார் மகளை அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டிக்குச் சென்ற நாட்களுக்கு ஆன் டியூட்டி வருகைப்பதிவு தருவார்களா, தவறிய உள்மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி எழுத அனுமதிப்பார்களா என்பதைத் துறைத் தலைவரிடமே கேளுங்கள். உடற்கல்வி இயக்குநரின் வாக்குறுதி துறைக்குள் செல்லுபடியாகும் என்று எண்ண வேண்டாம். உடற்கல்வி ஆசிரியராகும் எண்ணம் மகளுக்கு இருந்தால், எந்தப் பட்டத்துக்குப் பின்னும் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படிக்கும் வழி இருக்கிறதா என்பதை அதன் சேர்க்கை விதிகளில் பாருங்கள். அவளுக்குப் பிடித்த பாடத்தைக் கைவிட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் வராது.

போட்டி மனப்பான்மையே கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 1954ஆம் ஆண்டு மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலேய ஓட்டக்காரர் ரோஜர் பேனிஸ்டர் உலகிலேயே முதன்முறையாக ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடியபோது, முதலில் முன்னால் ஓடி வேகத்தைப் பிடித்துக் கொடுத்த கிறிஸ் பிராஷர், பேனிஸ்டரின் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தலைமுறைகளாக எதிரணியான கேம்பிரிட்ஜில் படித்தவர். தனியாக ஓடும் பெண்ணுக்கு வேகம் ஏறாது. பக்கத்தில் சமமாக ஓடும் எதிரி வேண்டும். அந்த எதிரி எந்தக் கல்லூரியில் இருந்தாலும் பல்கலைக்கழகப் போட்டியில் தங்கள் மகளுக்குக் கிடைத்துவிடுவாள் என்பதால், அதற்காக ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

நெடுந்தூர ஓட்டத்தில் உச்சம் பெரும்பாலும் இருபதுகளின் நடுவிலோ பிற்பகுதியிலோதான் வருகிறது. 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற புதுக்கோட்டை லட்சுமணன் அப்போது இருபத்தேழு வயதினர், இராணுவப் பணியில் இருந்தவர். கல்லூரியின் மூன்று ஆண்டுகளில் கால்களைத் தேய்த்துவிட்டால் அந்த வயதுக்கு எதுவும் மிஞ்சாது.

சேர்க்கைக்குச் செல்லும்போது, ஆண்டுக்கு எத்தனை பந்தயங்கள், காயம் ஏற்பட்டால் கட்டணச் சலுகை தொடருமா, ஒரு போட்டியில் அதிகபட்சம் எத்தனை பிரிவுகளில் ஓடவிடுவார்கள் என்ற மூன்றையும் கல்லூரியின் தாளில் எழுதி வாங்குங்கள். காயம்பட்ட நாளிலிருந்து கட்டணம் கேட்கும் சலுகை உதவித்தொகையே அல்ல, கூலி. எதிர்க் கல்லூரிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அசல் மதிப்பெண் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அவ்வாறு வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருக்கிறது. சரிபார்த்ததும் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டு கல்லூரிகளும் எழுதித் தர மறுத்தால், அரசு கலைக் கல்லூரிகளின் விளையாட்டுச் சிறப்புப் பிரிவில் விண்ணப்பித்து, மாலையில் மாவட்ட விளையாட்டரங்கில் பயிற்சி பெறும் வழியும் இருக்கிறது. சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுப் பிரிவுக்கு முன்னரே நடந்து முடிந்துவிடும் என்பதால், விண்ணப்பத்தை இப்போதே பதிந்து, மாவட்டப் போட்டிச் சான்றிதழ்களின் நகல்களையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கல்வி ஆலோசகர், சத்துவாச்சாரி, வேலூர்