அம்மாவின் வளையலை உருக்கலாமா?

கேள்வி: எங்கள் அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மா போட்டிருந்தது 3 பவுனில் ஒரு ஜோடி வளையல், தாலிக்கொடி, கெம்புக்கல் தோடு. நான், தங்கை, தம்பி என மூன்று பேர். வளையலையும் தோட்டையும் உருக்கி, அம்மாவின் கையெழுத்தைப் பொறித்து, ஒரே மாதிரி மூன்று டாலர் செய்து தலைத் திவசத்துக்குள் போட்டுக்கொள்ள ஆசை. வழக்கமாக வாங்கும் கடையில் "பழசைக் கொடுங்க, செஞ்சு தர்றோம்" என்கிறார்கள். கூடுதுறையில் அஸ்தி கரைத்தபோது தம்பி கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறான். அதை வைரமாக்கித் தருவதாக ஆன்லைனில் ஒரு விளம்பரம் பார்த்தோம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?
வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அந்தக் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வளையலின் தங்கமே டாலராக வருமா, இல்லை இதன் மதிப்புக்கு வேறு தங்கத்தில் வருமா?" பெரும்பாலான கடைகளில் பழைய நகையை வாங்கினால் எடை போட்டு, டச் (நூறு பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற அளவு) பார்த்து, மதிப்பைக் கழித்துக்கொள்வார்கள். நகை மற்றவர்களுடைய பழைய நகைகளோடு சேர்ந்து சுத்திகரிப்புக்குப் போய்விடும். உங்களுக்கு வருவது புதுத் தங்கம். வியாபாரத்தில் இது தவறே இல்லை. ஆனால் உங்கள் நோக்கத்துக்கு உதவாது. "அதிலேயே" என்று அவர்கள் வாயால் சொன்னால் போதாது, உங்கள் கண்முன் உருக்குவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் உருக்கத்தான் வேண்டுமா? என்னிடம் கேட்டால், கூடாது என்பேன். உருக்கிய பிறகு மிஞ்சுவது எடையும் டச்சும்தான். பல வருடம் கையிலேயே கிடந்து வளையலின் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும். எங்கேயோ இடித்து ஒரு பக்கம் லேசாக நெளிந்திருக்கும். திருகாணி மாற்றிய அடையாளம் தோட்டில் இருக்கும். அதையெல்லாம் எந்தக் கலைஞராலும் திரும்பச் செய்து தர முடியாது. உலையில் வைத்த முதல் நிமிடத்திலேயே போய்விடும்.

அதனால் என் யோசனை இது. ஒரு வளையலை மட்டும் உருக்குங்கள். இன்னொன்று அப்படியே இருக்கட்டும். தோட்டை உருக்கவே வேண்டாம். பழைய கெம்புத் தோடுகளில் கல்லைப் பின்பக்கம் மூடிக் கட்டியிருப்பார்கள். உள்ளே அரக்கும், கல்லுக்கு ஒளி கூட்டும் மெல்லிய தகடும் இருக்கும். பிரித்தால் அந்தத் தகடு கிழியும், கல் மங்கலாகத் தெரியும், அரக்கின் எடை கழிந்து தங்கமும் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும். உங்களுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு ஒரு தோடு என்று பிரித்து, அதை மோதிரமாகவோ பதக்கமாகவோ மாற்றிக்கொள்ளலாம். பின்தண்டை மட்டும் எடுத்துவிட்டு வளையம் பொருத்தினால் போதும். சூடு கல், அரக்கு பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளும் ஆசாரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாலிக்கொடியில் குண்டும் காசும் கோத்திருக்கும் அல்லவா? மூன்று பேருக்கும் சரிசமமாகப் பிரிக்க அதைவிடச் சுலபமானது எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு குண்டு. அவரவர் சங்கிலியில் கோத்துக்கொண்டால் முடிந்தது. உருக்குவது, செய்கூலி, சேதாரம் எதுவும் கிடையாது. ஆனால் திருமாங்கல்யத்தை என்ன செய்வது என்பது வீட்டுக்கு வீடு மாறும். மகளுக்குக் கொடுக்கும் வீடும் உண்டு, கோயில் உண்டியலில் சேர்க்கும் வீடும் உண்டு. கட்டியவர் உயிரோடு இருக்கிறார். அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

சரி, உருக்கும் அந்த ஒரு வளையலுக்கு வருவோம். 12 கிராம் என்று வைத்துக்கொள்கிறேன். வாங்கியபோது 22 காரட் என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள். ஹால்மார்க் இல்லாத காலத்து நகையில் பற்றவைத்த பொடி (துண்டுகளை இணைக்கும் கலப்பு உலோகம்) கலந்து 88, 89 டச் காட்டுவது சாதாரணம். பட்டறைக்குப் போவதற்கு முன்பே ஹால்மார்க் மையத்தில் சோதித்துக்கொள்ளலாம். நகைக்கடை வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, நீங்களே நேரில் கொடுக்கலாம். 4 நகை வரை 200 ரூபாய், வரி தனி. கடையில் இருக்கும் காரட் மீட்டர் மேல்பரப்பைத்தான் படிக்கும். உருக்கிக் கட்டியாக்கிய பிறகு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

89 டச் என்றால் 12 கிராமில் சொக்கத் தங்கம் 10.68 கிராம். அதை 916, அதாவது 22 காரட் ஆக்கினால் ஏறக்குறைய 11.6 கிராம் வரும். ஒரு டாலருக்கு 3.5 கிராம் என்றால் மூன்றுக்கு 10.5 கிராம். வேலையில் போகும் தூளுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 3.5 கிராமில் 17 மில்லிமீட்டர் அகலத்தில், 0.8 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வட்டத் தகடும் மேலே ஒரு வளையமும் செய்யலாம்.

பழைய தங்கத்தை அப்படியே உருக்கித் தகடாக உருட்டச் சொல்லாதீர்கள். கேடிஎம் நகைகள் என்று விற்ற காலத்தில் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் என்ற உலோகம் இருக்கும். அந்தப் பொடி கலந்த தங்கம் உருட்டும்போது ஓரம் ஓரமாக விரிசல் விடலாம், புகையும் நுரையீரலுக்கு ஆகாது. முதலில் சுத்தம் செய்ய வேண்டும். வெள்ளி சேர்த்து உருக்கி, நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளியும் செம்பும் மற்றதும் கரைந்து தங்கம் மட்டும் அடியில் நிற்கும். பார்த்தால் பயந்துவிடாதீர்கள். பளபளப்பே இருக்காது, காபித்தூள் மாதிரி பழுப்பாகக் கிடக்கும். அதைக் கழுவிக் காயவைத்து, மூசையில் வெண்காரம் போட்டு மறுபடி உருக்கும்போதுதான் மஞ்சள் வரும். சுத்தம் செய்யும் இடத்தில் பல பேர் தங்கத்தை ஒன்றாகப் போடுவதும் உண்டு. "தனியா போடுங்க, கூட நிக்கிறோம்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குக் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள், நியாயம்தான்.

வார்ப்பு வேலை வேண்டாம் என்பேன். கம்ப்யூட்டரில் வரைந்து, மெழுகில் எடுத்து வார்க்கும் பட்டறைகளில் ஒரே தண்டில் பல நகைகளைக் கிளை கிளையாக ஒட்டி ஒரே ஊற்றாக ஊற்றுவார்கள். உங்கள் தங்கம் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடும். வெறும் தகடுதானே, கைவேலை ஆசாரியே உருட்டி, வெட்டி, ராவிக் கொடுத்துவிடுவார். கோயம்புத்தூர் உங்களுக்குப் பக்கம். ராஜ வீதியைச் சுற்றியுள்ள சந்துகளில் தனி வேலை எடுத்துச் செய்யும் பட்டறைகள் உண்டு. யாராவது தெரிந்தவர் மூலமாகப் போவது நல்லது.

கையெழுத்து விஷயத்தில்தான் அவசரம் காட்ட வேண்டும். தங்கம் இன்னும் நூறு வருடம் இருக்கும், பால்பாயிண்ட் மை இருக்காது. இன்றைக்கே தேடி எடுங்கள். மளிகைச் சீட்டு, சமையல் குறிப்பு நோட்டு, பள்ளி முன்னேற்ற அறிக்கையில் பெற்றோர் கையெழுத்து, பால் கணக்கு எழுதிய காலண்டர் எல்லாம் ஆகும். குறைந்தது 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் மை கெட்டுப்போகலாம், அப்புறம் பிரிக்கவும் முடியாது. உங்கள் அம்மாவுக்கு எழுத வந்தது. எழுதத் தெரியாத அம்மாக்களுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பழைய பத்திரங்களைப் புரட்டிப் பாருங்கள். அதில் பெருவிரல் ரேகை இருக்கும். மை அப்பாமல் தெளிவாக விழுந்த ரேகை டாலரில் எழுத்தைவிட அழகாக வரும்.

17 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு சொல்தான் பிடிக்கும், அதிகம் போனால் சின்னச் சொல் இரண்டு. தமிழ் எழுத்துகளில் சுழி அதிகம். எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ண, னை மாதிரி எழுத்துகளில் சுழி அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல் போகும். ஆகவே "என் கண்மணிகளுக்கு அம்மா எழுதுவது" என்ற முழு வரிக்கு ஆசைப்படாமல் "அம்மா" என்று அவர் முடித்திருக்கும் இடத்தை எடுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு சொல்லாக மளிகைச் சீட்டிலிருந்தே எடுக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும். அம்மா "சக்கரை" என்று எழுதியிருந்தால் "சக்கரை" என்றே இருக்க வேண்டும். வரைபவர் நல்லெண்ணத்தில் "சர்க்கரை" என்று திருத்திவிடுவார், கோணலை நிமிர்த்திவிடுவார். "ஒரு கோடுகூட மாத்தக் கூடாது" என்று எழுத்திலேயே கொடுங்கள். பொறிப்பதற்கு முன் அதே அளவில் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். போன் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் சொல்வதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

லேசரில் மேலோட்டமாகச் சுட்டுக் கறுப்பாக்கித் தருவது ஒரு வகை, தங்கத்தைத் தோண்டி எடுப்பது இன்னொரு வகை. முதல் வகை நாலு தடவை பாலிஷ் போட்டால் போய்விடும். ஆழமாகத் தோண்டச் சொல்லுங்கள். இந்தக் கனத்தில் 0.2 மில்லிமீட்டர் ஆழம் தாங்கும். அப்புறம் ஹால்மார்க். 2 கிராமுக்கு மேல் இருப்பதால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 22கே916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியான எச்யூஐடி மூன்றும் லேசரில் விழும். பின்பக்கம் வளையத்துக்கு அடியில் போடச் சொல்லாவிட்டால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். முத்திரைக்கு அனுப்ப பிஐஎஸ் பதிவு பெற்ற நகைக்கடை வேண்டும். உங்கள் ஆசாரிக்குப் பதிவு இல்லையென்றால் அவர் வேலை செய்து கொடுக்கும் கடை மூலமாக அனுப்புவார்.

இனி அஸ்தி. வைரம் என்பது வெறும் கரி, அதாவது கார்பன். உடல் எரியும்போது அதிலுள்ள கரி ஏறக்குறைய எல்லாமே கரியமில வாயுவாகப் போய்விடும். மிஞ்சுகிற எலும்புச் சாம்பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதில் வைரத்துக்கு வேலை இல்லை. நம் ஊர்ச் சுடுகாட்டில் விறகும் வறட்டியும் அடுக்கி எரித்திருந்தால், அஸ்தியில் கறுப்பாகத் தெரியும் கரி விறகுடையதாகவே இருக்கலாம். தலைமுடியில் எடையில் கிட்டத்தட்ட பாதி கரி. அதிலிருந்து வைரம் செய்வது அறிவியல்படி முடியும். வளிமண்டலத்தைப்போல் ஐம்பதாயிரம் மடங்கு அழுத்தமும் 1,300 டிகிரிக்கு மேல் சூடும் வேண்டும், அதற்கென்று வெளிநாடுகளில் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் செய்து முடித்த கல்லைச் சோதனைக்கூடத்தில் கொடுத்தால் "இது ஆய்வகத்தில் வளர்த்த வைரம்" என்று சொல்வார்கள். யாருடைய கரி என்று உலகத்தில் எவராலும் சொல்ல முடியாது. வெளிக்கரி சேர்த்திருந்தாலும் தெரியாது. முழுக்க முழுக்க நம்பிக்கைக்குக் கொடுக்கும் காசு அது.

இந்தச் சந்தேகம் புதிதில்லை. 1861-இல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி 1901-இல் தான் சாகும்வரை துக்க உடையிலேயே இருந்தார். இங்கிலாந்தில் இறந்தவரின் முடியைப் பின்னி லாக்கெட்டில் வைப்பது பெரிய பழக்கமாக இருந்த காலம் அது. கொடுத்த முடியைத்தான் பின்னித் தருகிறார்களா என்ற பயத்திலேயே பல பெண்கள் முடி பின்னுவதை வீட்டில் தாங்களே கற்றுக்கொண்டார்கள்.

தம்பிக்கு அஸ்தியை வைத்துக்கொள்ளத்தான் ஆசை என்றால் வைரமும் வேண்டாம், ரெசின் என்ற கண்ணாடி மாதிரிப் பிசினில் பதிப்பதும் வேண்டாம். ரெசின் சில வருடத்தில் வெயில் பட்டு மஞ்சளாகிவிடும். தொப்புள்கொடியைத் தாயத்துக் குப்பியில் அடைத்துக் கட்டும் பழக்கம் நம்மிடம் உண்டே, அதே வெள்ளிக் குப்பி போதும். நன்றாகக் காயவைத்த ஒரு சிட்டிகையைப் போட்டு, மூடியை அரக்கு வைத்து அடைத்துவிடலாம். எந்த வெள்ளி ஆசாரியும் செய்வார். ஆனால் அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதில் உங்கள் அப்பா உறுதியாக இருந்தால் நான் அவர் பக்கம்தான். எட்டு மாதமாக அந்த வீட்டில் தனியாக இருப்பவர் அவர். தம்பியும் அப்பாவும் சேர்ந்து மறுபடி ஒரு நாள் கூடுதுறை போய் வரட்டும். தம்பிக்குக் குண்டு இருக்கிறது, டாலர் இருக்கிறது.

திவசத்துக்கு இன்னும் நாலு மாதம் இருப்பதால் அவசரப்பட வேண்டாம். சுத்தம் செய்வது, தகடு, பொறிப்பு, முத்திரை எல்லாம் சேர்த்து ஆசாரிக்கு ஒரு மாதம் கொடுங்கள். வளையலைக் கொடுப்பதற்கு முன் அது கையில் கிடக்கும்படி, நாலு பக்கமும், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடையை நீங்களும் எழுதி, அவரிடமும் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் ராவிய தூளையும் மிச்சத் தங்கத்தையும் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. உருக்காத அந்த இன்னொரு வளையல் யாரிடம் இருக்கப்போகிறது, வருடத்துக்கு ஒருவரா, மூத்தவரிடமேவா என்பதை மட்டும் பட்டறைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். அங்கே போய் ஆரம்பித்தால், ஆசாரி தராசைப் பிடித்தபடி நீங்கள் மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.