கினி பிக் கையைக் கண்டாலே ஓடுகிறது, பழக்க முடியுமா?

கேள்வி: ஆடும் முயலும் வளர்க்கிறோம். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு மாதத்துக்கு முன் ஒரு கினி பிக் (எலி இனத்தைச் சேர்ந்த, வாலில்லாத சின்னப் பிராணி) வாங்கி, முயல் கூண்டிலேயே விட்டிருக்கிறோம். முயல் குச்சித் தீவனமும் வைக்கோலும் போடுகிறோம். கை விட்டாலே மூலைக்கு ஓடுகிறது, தூக்கினால் வீறிடுகிறது. மடியில் வைத்துக் கொஞ்சும் அளவுக்குப் பழக்க முடியுமா?

பதில்: தாராளமாகப் பழக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது அதன் பயம் இல்லை, தீவனம்தான். மனிதனைப் போலவே கினி பிக்கின் உடலும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. முயலின் உடல் தயாரித்துக்கொள்ளும், அதனால் முயல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. இந்தச் சத்து இல்லாமல் இரண்டு மூன்று வாரம் போனாலே மூட்டு வலி வந்துவிடும். தூக்கும்போது வீறிடுவது வலியாலும் இருக்கலாம். நடக்கும்போது தத்துகிறதா, கால் மூட்டு வீங்கியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆட்டுக்கு வாங்கி வைத்த மருந்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் இதன் குடலைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும்.

தினமும் கட்டைவிரல் நுனி அளவு கொய்யாத் துண்டோ, சிறிது குடைமிளகாயோ கொடுங்கள். வைக்கோலில் சத்து குறைவு. அருகம்புல்லோ நல்ல உலர்புல்லோ எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி இது. புல்லை மென்றால்தான் பல் தேயும்.

அடுத்தது இடம். முயலோடு வேண்டாம். முயலின் ஒரு உதையில் இதன் எலும்பு முறியும். முயலுக்குத் தொல்லை தராத சில சுவாசக் கிருமிகள் இதற்கு நிமோனியாவைக் கொண்டுவரும். தகரக் கொட்டகைச் சூடும் ஆகாது, 27 டிகிரியைத் தாண்டினாலே திணறும். வீட்டுக்குள் நிழலான மூலையில், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டியோடு வையுங்கள். முடிந்தால் அதே பாலினத்தில் இன்னொன்று வாங்கி விடுங்கள். கூட்டமாக வாழ்ந்து பழகிய பிராணி. சுவிட்சர்லாந்தில் இதை ஒற்றையாக வளர்க்கச் சட்டமே அனுமதிப்பதில்லை.

சரி, பழக்கும் விஷயத்துக்கு வருவோம். பருந்து நிழல் விழுந்தால் கோழிக்குஞ்சு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலிருந்து இறங்கும் கை இதற்கும் பருந்துதான். அதனால் முதல் வாரம் மகள் தொடவே வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் கூண்டருகே தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதட்டும், பேர் சொல்லிப் பேசட்டும். அப்புறம் கொத்தமல்லித் தழையைக் காம்போடு பிடித்து, பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். முதலில் பறித்துக்கொண்டு பெட்டிக்குள் ஓடும். ஓடட்டும். சில நாளில் கையருகிலேயே நின்று, தழை சுருங்கிச் சுருங்கி உதட்டுக்குள் போகும்வரை மெல்லும். அன்றைக்குக் கன்னத்தோரம் ஒரு விரலால் தடவலாம். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகக் கூடாது.

தழை கொடுக்கும்போதெல்லாம் ஒரே சொல்லைச் சொல்லி வந்தால் அந்தக் குரலுக்கே வந்து நிற்கும். எங்கள் வீட்டில் இருந்த இரண்டும் காய்கறிப் பை சரசரத்தாலே 'வீக், வீக்' என்று வீட்டையே கூப்பிடும். திடீரென்று பொரி போலத் துள்ளினால் பயப்படாதீர்கள், அது சந்தோஷம். பல்லை நறநறவென்று கடித்தால் கோபம், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்புறத்தைத் தாங்கி இருக்க வேண்டும். மகள் தரையில் உட்கார்ந்து, மடியில் துண்டு விரித்து வைத்துக்கொள்ளட்டும். நின்றுகொண்டு தூக்கினால், நழுவி விழும்போது கால் போய்விடும். முதலில் ஐந்து நிமிடம் போதும். நெளிய ஆரம்பித்தால் பெரும்பாலும் சிறுநீர் முட்டுகிறது என்று அர்த்தம். உடனே கூண்டில் விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள்.