அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் முன்

கேள்வி: அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில், அரசுப் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். துறையின் இனச் சூழலை மேம்படுத்த அமைத்த குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கறுப்பின மாணவர்கள் சொல்வதை முதலில் கேட்போம் என்று முடிவுசெய்து, ஒரு மாலை அவர்களை அழைத்தோம். ஒன்பது பேரில் இருவர்தான் வந்தார்கள். வந்த மாணவி, “மூன்று வருடத்துக்கு முன்பும் இதே அறையில், இதே பீட்சாவை வைத்துக்கொண்டு எங்கள் சீனியர்களிடம் கேட்டீர்களே, அதெல்லாம் என்ன ஆயிற்று?” என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. “இது அவர்கள் ஊர்ப் பிரச்சினை, டென்யூர் (நிரந்தரப் பணி உறுதி) கிடைக்கும்வரை நமக்கெதற்கு வம்பு” என்கிறார் என் கணவர். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்த மாணவியே உங்களுக்குச் சொல்லிவிட்டார். மற்ற எழுவரும் வராமல் போனதற்கும் அநேகமாக அவர் கேட்ட கேள்விதான் காரணமாக இருக்கும். ஆகவே இப்போதைக்கு இன்னொரு கூட்டம் வேண்டாம். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த மாலையின் குறிப்பு யாரிடம் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். துறை அலுவலகத்தில் இல்லாவிட்டால் டீன் அலுவலகத்தில் கேளுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால், 1975-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் தொடங்கி இன்று நாடெங்கும் கிளை பரப்பியிருக்கும் தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கத்துக்கு உங்கள் வளாகத்திலும் ஒரு மாணவர் கிளை இருக்கக்கூடும், அங்கே விசாரியுங்கள். கோரிக்கை வைத்தவர்கள் அதன் பிரதியைத் தொலைப்பது அபூர்வம்.

மிசூரி பல்கலைக்கழகத்தில் 2015-இல் நடந்தது உங்கள் மூத்த சகாக்களுக்கு நினைவிருக்கும். அங்கே முதல் கறுப்பின மாணவர்கள் சேர்க்கப்பட்ட 1950 என்ற ஆண்டையே தன் பெயரில் வைத்துக்கொண்ட ஒரு மாணவர் குழு, அக்டோபர் 10 அன்று ஹோம்கமிங் எனும் பழைய மாணவர் விழா ஊர்வலத்தில் பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் டிம் வுல்ஃப் வந்த காரை மறித்து, அந்த வளாகத்தில் கறுப்பினத்தவர் பட்டதை ஆண்டுவாரியாக அவர் காதில் விழும்படி சொன்னது. அவர் காரைவிட்டு இறங்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பத்து நாளில் கோரிக்கைகள் எழுத்தில் போயின. நவம்பர் 2 அன்று ஜோனத்தன் பட்லர் என்ற பட்டமேற்படிப்பு மாணவர் உண்ணாவிரதம் தொடங்கினார். நவம்பர் 7 அன்று பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியிலிருந்த கறுப்பின வீரர்கள், தலைவர் பதவி விலகும்வரை களமிறங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். நவம்பர் 9 அன்று வுல்ஃப் விலகினார். அடுத்த ஆட்டத்தில் அணி ஆடாமல் போனால் பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான், ஒரு மாதமாகக் கேட்காத காது இரண்டே நாளில் கேட்கத் தொடங்கியது எப்படி என்பது விளங்கும்.

இந்தக் கதையில் எல்லாரும் பேசுவது அந்தக் கடைசி வாரத்தைப் பற்றித்தான். நீங்கள் அந்தக் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். அதில் ஒன்று, அதே வளாகத்தின் கறுப்பின மாணவர் பேரவை 1969-இல் கொடுத்த கோரிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்கிறது. பேரர்கள் வயதுப் பிள்ளைகள் வந்து, தாத்தாக்களின் மனுவுக்குப் பதில் கேட்கிறார்கள். இடைப்பட்ட 46 ஆண்டுகளில் அங்கே பேச ஆளில்லாமல் போய்விடவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மாணவர்களும் நான்கைந்து வருடத்தில் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். ஒவ்வொரு புதுத் தலைமுறையையும் புதிதாக அழைத்து உட்காரவைத்துக் கேட்பது நிர்வாகத்துக்கு எப்போதுமே சௌகரியம்.

பழைய குறிப்பு கிடைத்ததும் உங்கள் குழு எழுத வேண்டியது ஒரு பதில் கடிதம். ஒவ்வொரு கோரிக்கைக்கு எதிரிலும், நிறைவேறியதா, நிறைவேறுமென்றால் எப்போது, யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து, முடியாதென்றால் என்ன காரணம் என்பதைப் பூசிமெழுகாமல் எழுதுங்கள். ‘முடியாது’ என்று காரணத்தோடு சொல்வதை மாணவர்கள் தாங்கிக்கொள்வார்கள்; ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் சங்கத்தினர் 2013-இல் தங்கள் அன்றாட அனுபவங்களை ட்விட்டரில் எழுதி நாடு முழுவதும் கவனிக்கவைத்தார்கள். அடுத்த ஜனவரியில் ஏழு கோரிக்கைகளையும் அவற்றுக்கு ஏழு நாள் கெடுவையும் வைத்தார்கள். அவற்றில், ஒதுக்குப்புறத்தில் இருந்த டிராட்டர் பல்பண்பாட்டு மையம் வளாகத்தின் நடுவுக்கு வர வேண்டும் என்பதற்கு 2019-இல் ஒரு புதுக் கட்டடமே பதிலாக எழுந்தது. மாணவர் சேர்க்கை பற்றிய கோரிக்கைதான் அப்படியே நிற்கிறது. கறுப்பின மாணவர்களின் பங்கைப் 10 சதவீதமாக்குவோம் என்ற இலக்கை அதே பல்கலைக்கழகம் 1970-இல் மாணவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் முடிவில் ஏற்றிருந்தும், 2013-இல் அது 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

உங்கள் துறைக்கு வருவோம். பொறியியலில் இனச் சூழல் என்பது பெரும்பாலும் நான்கு பேர் கொண்ட புராஜெக்ட் குழுவுக்குள்தான் இருக்கிறது. குழுக்களை மாணவர்களே அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், கடைசியில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் நிற்பது யார் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சேர்த்துக்கொண்ட பிறகும், வடிவமைப்பையும் லேத்தையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு, அறிக்கை தட்டச்சு செய்வதை ஒருவர் தலையில் கட்டுவதும் நடக்கும். வேலைக்கான நேர்முகத்தில் “நீங்கள் எதை வடிவமைத்தீர்கள்?” என்று கேட்கும்போது அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. குழுக்களை ஆசிரியரே பிரிப்பதும், பொறுப்புகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுழற்றுவதும் எல்லா மாணவர்களுக்கும் பொதுவான விதிகள். இவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உங்கள் பாடத்திட்டத் தாளில் ஒரு பத்தி போதும்.

கருத்துக்கணிப்பு எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கறுப்பின மாணவர்கள் ஒன்பதே பேர் இருக்கும் துறையில், ‘கறுப்பினம், பெண், நான்காம் ஆண்டு’ என்று மூன்று கட்டங்களை நிரப்பினாலே அந்தப் பெண் யாரென்று தெரிந்துவிடும். துறை முழுவதற்குமாகச் சராசரி எடுத்தாலோ, அந்த ஒன்பது பேரும் அதில் காணாமல் போவார்கள். அதைவிட, துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர், கல்லூரி அளவில், தனித்தனியே பேசிக் குறிப்பெடுப்பது நல்லது. அப்படிப் பேச வருகிறவர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் கொடுங்கள். வெளி ஆலோசகருக்குத் தரப் பணமிருக்கும் பல்கலைக்கழகத்தில் மாணவருக்குப் பீட்சா மட்டும் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் பட்ட காயத்தை விவரிக்கச் சொல்லாதீர்கள். எந்த விதி, எந்த நடைமுறை மாற வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

காலம் சாதகமாக இல்லை என்பதும் உண்மைதான். மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை உச்ச நீதிமன்றம் 2023-இல் தடுத்தது. டெக்சாஸில் 2024 ஜனவரி முதல் அரசுப் பல்கலைக்கழகங்கள் பன்முகத்தன்மை, சமவாய்ப்புப் பணிகளுக்கென அலுவலகம் வைத்திருக்கக் கூடாது. இதற்கெனப் பல கோடி டாலர் செலவழித்த மிச்சிகனே 2025 மார்ச்சில் தன்னுடைய அத்தகைய அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது. உங்கள் மாநிலத்தில் இன்று எது செல்லும் என்பதைப் பல்கலைக்கழகச் சட்டப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்னவற்றில் எதுவும் ஓர் இனத்துக்கு மட்டும் தரும் சலுகை இல்லை.

உங்கள் கணவரிடம் ஒரு விஷயத்தை மட்டும் நினைவூட்டுங்கள். 1965-க்கு முன் இந்தியாவுக்கு அமெரிக்கா ஒதுக்கியிருந்த குடியேற்ற இடம் ஆண்டுக்கு 100. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் பெற்ற வாக்குரிமைச் சட்டம் அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு செய்யும் முறையை நீக்கிய குடியேற்றச் சட்டம் அதே அலையில், அக்டோபரில் வந்தது. நம்மவர்கள் பெரும் எண்ணிக்கையில் அங்கே குடும்பமாகப் போய்க் குடியேற முடிந்தது அதற்குப் பிறகுதான். ஆகவே ‘அவர்கள் ஊர்ப் பிரச்சினை’ என்று ஒதுங்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

டென்யூர் பற்றிய அவருடைய கவலை வேறு, அது நியாயமானது. பதில் கடிதத்தில் முதல் கையெழுத்து டென்யூர் பெற்ற மூத்த பேராசிரியர் ஒருவருடையதாக இருக்கட்டும். குழுத் தலைமை உங்களைத் தேடி வந்தால் மறுத்துவிடுங்கள். இந்தப் பணிக்காக ஒரு பாடம் குறைக்கப்படுமா, உங்கள் ஆண்டு மதிப்பீட்டில் இது பதிவாகுமா என்பதைத் துறைத்தலைவரிடம் இந்தப் பருவம் முடிவதற்குள் மின்னஞ்சலில் கேட்டு, அவருடைய பதிலைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.