தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஊரே வரையும் படம்: கேள்வி பதில்

கேள்வி: கூகுள் மேப்பில் எங்கள் ஊர் தெளிவாகத் தெரிகிறதே. அப்புறம் எதற்கு ஊரே கூடித் தரையில் கோலமாவால் படம் வரைய வேண்டும்?

பதில்: அதில் மேல்நிலைத் தொட்டி தெரியும், கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று தெரியாது. எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குப் போகும், எந்த அடிபம்பு சித்திரையில் வெறும் காற்றைத் தள்ளும், யார் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். தரையில் வரைந்தால் யாரும் குறுக்கே வந்து அழித்துத் திருத்தலாம். முடிந்ததும் போட்டோ எடுத்து, சார்ட்டில் படியெடுங்கள்.

கேள்வி: நாலைந்து பெரியவர்களே பேசி முடித்துவிட்டார்கள். பெண்கள் ஓரமாகவே நின்றார்கள். என்ன செய்வது?

பதில்: கூட்டத்தைக் கோயில் வாசலில் போட்டிருந்தால் அப்படித்தான் ஆகும். அங்கே வரத் தயங்குபவர்களும், வரவிடப்படாதவர்களும் இருக்கிறார்கள். பெண்களுக்குத் தனிப் படம் வையுங்கள், அவர்களுக்குத் தோதான நேரத்தில். தள்ளியிருக்கும் பட்டியலினக் குடியிருப்பில் இன்னொன்று, அவர்கள் தெருவிலேயே. பிறகு மூன்றையும் பக்கம் பக்கமாக விரித்துப் பாருங்கள். ஆண்கள் படத்தில் "போர்" (ஆழ்துளைக் கிணறு) என்று ஒரு புள்ளி இருக்கும். பெண்கள் படத்தில் அதே போருக்குப் போகும் பாதை, குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் நேரம், தண்ணீர் உப்பு என்பதால் சமையலுக்கு வேறெங்கே போகிறார்கள் என்பது வரை இருக்கும். படங்கள் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அங்கிருந்துதான் திட்டம் தொடங்க வேண்டும்.

கையோடு, படத்தில் ஒவ்வொரு வீட்டின் மேலும் தினம் கிடைக்கும் குடத்துக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். வீடுதோறும் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 15 லிட்டர் குடமென்றால் நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கிட்டத்தட்ட 15 கொட்டை. எண்ணிப் பார்த்தால் குறை எந்தத் தெருவில் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: வெளியே ஒதுங்கும் இடங்களைக் குறிக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: 2000 வாக்கில் வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி பகுதியில் வளர்ச்சித் துறை ஆலோசகர் கமல் கர் தொடங்கிய, ஊரே சேர்ந்து வெளியே ஒதுங்குவதை நிறுத்தும் முறையில் இது முக்கியமான கட்டம். கூச்சமும் அருவருப்பும் வந்து ஊரே மாறும் என்பது அதன் கணக்கு. ஆளை அடையாளம் காட்டி அவமானப்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. ஏன் போகிறார்கள் என்று கேளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, கதவு உடைந்திருக்கிறது, தாத்தாவால் குத்தவைக்க முடியவில்லை என்று காரணம் வரும். காரணத்தைக் குறியுங்கள், பெயர் வேண்டாம்.

கேள்வி: கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்?

பதில்: குறைந்தது 10 மீட்டர். மணற்பாங்கு, பாறை வெடிப்பு, மேலேயே நீர்மட்டம் என்றால் அதிகம் வேண்டும். பொறியாளரிடம் காட்டிவிட்டுத் தோண்டுங்கள்.

கேள்வி: வரைந்த படம் ஊராட்சி அலுவலகச் சுவரில் சும்மா தொங்குகிறது.

பதில்: கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. "குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்த வால்வு என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லி, வாசிக்கக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கோடையும் தொடங்கியிருக்கும். ஐப்பசியில் வரைந்த படமென்றால் அதற்கு முன் ஒருமுறை திருத்திவிடுங்கள். மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.